லூர் பெட்டியைத் திறப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் கரையோரம் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்துவிட்டதால் பேரனும் எங்களோடுதான் இருக்கிறான். என் தூண்டில் ரீலின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அவனுக்கு இப்போது பெரிய விளையாட்டு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனுக்கு லூர், அதாவது செயற்கை இரை, வாங்கப் போனால் நிறங்களைப் பார்த்தே தலை சுற்றுகிறது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். நிறத்தைக் கடைசியில் யோசி என்பதுதான் என் பதில். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகமாக ஓடும் இரையை அது துரத்தும், இந்த இரண்டையும் முதலில் முடிவு செய். பெட்டியில் பாதி லூர் அப்போதே விலகிவிடும்.

வேகத்தைச் சொல்வது தண்ணீரின் வெப்பம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் அதன் பசியும் அப்படியே மாறும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். வேகமாகப் போகிற எதன் பின்னாலும் பாஸ் ஓடாது. அந்த நாட்களில் ஒல்லியான மீன் வடிவில், நடுநீரில் அசையாமல் நிற்கும் ஜெர்க்பெய்ட் என்ற லூர் நல்லது. கோலை இரண்டு முறை சுண்டி இழுத்துவிட்டு நிறுத்து. நீ நினைப்பதைவிட அதிக நேரம் நிறுத்து. பெரும்பாலும் அது சும்மா நிற்கும்போதுதான் மீன் வந்து எடுக்கும். தலையில் கனம் வைத்த முள்ளான ஜிக் போடுவதானால் அடித்தரையை உரசியபடி மெல்ல நகர்த்து. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் மேற்பரப்பு உறையும் அளவுக்குக் குளிரும் ஏரிகளில் அடிப்பகுதிதான் சற்று வெதுவெதுப்பு. மீனும் அங்கேதான் இருக்கும்.

வெப்பம் ஏற ஏற மீன் கரைப் பக்கம் வரும். கிராங்க்பெய்ட் என்பது இழுக்க இழுக்க ஆடி ஓடும் மீன் வடிவ லூர்; அதில் லிப் என்ற முன்தகடு இல்லாத வகையைக் களைகளின் தலையை உரசுகிற மாதிரி இழுத்து, சிக்கினால் சட்டென்று சுண்டி விடுவித்துப் பார். அந்த விடுபடும் நொடியில்தான் மீன் பாய்ந்து கடிக்கும். 15 முதல் 20 டிகிரிக்குள் முட்டையிடும் காலம். இந்த இடத்தில் உன்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண் பாஸ்தான் கூட்டைக் காக்கும். அதைத் தூக்கிவிட்டால் ப்ளூகில் போன்ற சிறு மீன்கள் நொடியில் வந்து முட்டையைத் தின்றுவிடும். கூட்டின் மேல் நிற்கிற மீன் பசியால் கடிப்பதில்லை, விரட்டுவதற்காகக் கடிக்கிறது. எந்த லூரைப் போட்டாலும் கடிக்கும் என்பதால் அதிலிருந்து நாம் கற்பதற்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சில வாரங்கள் கூடுகளை விட்டுவிடு.

கோடையில் விடியற்காலையும் அந்தியும் மேல்மட்ட லூருக்கு உரிய நேரம். தண்ணீரின் மேல் சத்தம் எழுப்பிப் போகும் பாப்பர், பஸ்பெய்ட் இரண்டும் எனக்குப் பிடிக்கும். வெயில் ஏறியதும் மீன் நிழலுக்குள் போகும், இல்லையென்றால் ஆழத்துக்கு இறங்கும். ஆழம் என்றதும் அடிமட்டம் வரை போய்விடாதே. கோடையில் பல ஏரிகளில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும்; கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கலாம். குளிர்ச்சி இருந்தும் அங்கே மீன் தங்காது. அந்த எல்லைக்கு மேலே ஓடுகிற கிராங்க்பெய்ட்டைத் தேர்ந்தெடு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லிப் நீளமாக இருந்தால் ஆழமாக இறங்கும், குட்டையாக இருந்தால் மேலோடு ஓடும். பாசி மூடிய இடத்தில் தவளை லூர். அதன் இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி இருப்பதால் களையில் மாட்டாது. மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் கோலைச் சுண்டாமல், கோலில் கனம் தெரிந்த பிறகு சுண்டி இழு.

இலையுதிர் காலம் சுலபம். சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு பாஸ் ஓடை வாய்களுக்குள் நுழையும். அங்கே ஓடுகிற இரையின் அளவுக்கு ஒத்த ஸ்பின்னர்பெய்ட்டை, அதாவது சுழலும் தகடு வைத்த லூரை, எடுத்தால் போதும்.

இப்போது தண்ணீரின் தெளிவு. எனக்கு மிகவும் ஆர்வமான பகுதி இதுதான். தெளிந்த நீரில் பாஸ் கண்ணால் வேட்டையாடும். தூரத்திலிருந்தே வந்து லூரை உற்றுப் பார்க்கும். அங்கே உருவம் சிறியதாகவும் நிறம் அடக்கமாகவும் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு கலங்கிவிட்டால் மீன் பக்கவாட்டுக் கோட்டை நம்பும். தலையிலிருந்து வால் வரை ஓடும் அந்த உறுப்பு தண்ணீரின் அதிர்வை உணர்ந்து சொல்லும். ஸ்பின்னர்பெய்ட்டின் தகடுகள் இரண்டு விதமாக வருவது இதனால்தான். வட்டமான கொலராடோ தகடு மெதுவாக இழுத்தாலும் தடதடவென்று அதிரும், அது கலங்கல் நீருக்கு. நீண்டு ஒல்லியான வில்லோ தகடு அதிர்வைவிட மினுமினுப்பைத் தரும், அது தெளிந்த நீருக்கு. இன்னொன்று, கலங்கிய நீரில் மீன் கட்டை, செடி, பாறை என்று எதையாவது ஒட்டியே நிற்கும். லூரை அதன் முகத்துக்கு அருகில் கொண்டுபோக வேண்டியது உன் வேலை.

நிறத்தைப் பற்றியும் கேட்டாயே. பாஸின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டே வகை. ஒன்று சிவப்புக்கு, இன்னொன்று பச்சைக்கு. பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிந்தது. பளிச்சென்ற மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் பிரிக்க முடியவில்லை. நீலத்தையும் கறுப்பையும் அப்படியே. கடையில் தொங்கும் அத்தனை சாயமும் மீன் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். தெளிந்த நீருக்குப் பச்சை கலந்த பழுப்பு, கலங்கலுக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் கறுப்பு, சிறு மீன் போலத் தெரிய வெள்ளை. இந்த மூன்றோடு தொடங்கு. தெளிந்த நீரில் சிவப்பு ஆழத்தில் முதலில் மங்கிவிடும் என்பதையும் நினைவில் வை.

காற்றடித்தால் வீட்டுக்குத் திரும்பிவிடாதே. அலையால் வெளிச்சம் சிதறும், இரை மீன்கள் காற்று மோதும் கரைக்குத் தள்ளப்படும், பாஸும் துணிந்து வரும். அந்தக் கரையில் ஸ்பின்னர்பெய்ட்டை வேகமாக இழு. மேகமூட்டமான நாளில் மீன் சுற்றித் திரியும். மேல்மட்ட லூர் பகலிலும் ஓடும். குளிர்காற்று வீசி ஓய்ந்து வானம் பளீரென்று நீலமாகும் மறுநாள்தான் சோதனை. மீன் மறைவுக்குள் புகுந்து அசையாது. அப்போது சிறிய பிளாஸ்டிக் புழுவின் நடுவில் முள்ளைக் குத்திப் போடும் வாக்கி முறையை நம்பு. இரண்டு முனையும் நடுங்கியபடி மெல்ல இறங்குவதைப் பார்த்து மனம் மாறாத மீன் குறைவு. அடர்ந்த செடிக்குள் போட வேண்டுமென்றால் டெக்சாஸ் முறை. முள்ளின் முனையைப் புழுவுக்குள்ளேயே புதைத்துவிடுவதால் எளிதில் சிக்காது.

தூண்டில் நரம்பும் லூரோடு சேர்ந்ததுதான். ஃப்ளூரோகார்பன் நரம்பு மூழ்கும், அதை மேல்மட்ட லூருக்குக் கட்டினால் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். அதற்குச் சாதாரண நைலான் நரம்பு போதும். தவளை லூருக்கு மட்டும் இழைகளைப் பின்னிச் செய்த தடித்த பிரெய்டு நரம்பு கட்டிக்கொள்; பாசிக்குள்ளிருந்து மீனை இழுக்க அந்த வலு வேண்டும்.

உயிர் இரைதான் மேல் என்று எழுதியிருந்தாய். அதில் நியாயம் இருக்கிறது. 2009 இல் ஜப்பானின் பிவா ஏரியில் உலக சாதனையைச் சமன் செய்த பாஸ், உயிருள்ள ப்ளூகில்லுக்குத்தான் விழுந்தது. ஆனால் அந்தச் சாதனையை முதலில் படைத்தது, 1932 இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன்; அதன் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல்; அது விழுந்தது லூருக்கு! அதோடு உயிர் இரையை மீன் தொண்டைவரை விழுங்கிவிடும். முள்ளை எடுத்துத் திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். லூர் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். எனக்கு அது பெரிய காரணம். கிழிந்த பிளாஸ்டிக் புழுக்களையும் தண்ணீரில் போட்டுவிடாதே, பையில் சேர்த்துக் கொண்டுவந்துவிடு.

நீ போகிற ஏரியின் ஆழம் எவ்வளவு, அடியில் கல்லா சேறா, ஒரு வெள்ளை லூரை இறக்கினால் எத்தனை அடிவரை கண்ணுக்குத் தெரிகிறது, காலையில் தண்ணீரின் வெப்பம் என்ன, இதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. பார்த்துவிட்டு எந்தெந்த லூர் வேண்டும் என்று சொல்கிறேன், அதுவரை புதிதாக ஒன்றும் வாங்காதே. முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியை விட்டுவிடாமல் செய். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்