‘மரம் – 1’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி வளாகங்களில் நிற்கும் பழைய மரங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அங்கே மரம் வளர்த்த வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸின் பெயர் இன்றும் நிற்கிறது. எங்கள் பக்கம் அப்படி ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் நான் படித்த கல்லூரி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மலையாளப் பையன்கள் ‘உறக்கம்தூங்ஙி’ என்பார்கள். மார்ச் மாதம் பரீட்சைக்குப் போகும்போது அதன் கறுத்த காய்கள் செருப்பில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தத் தித்திப்புக்காகப் பக்கத்துத் தெரு ஆடுகள் கேட் திறக்கக் காத்து நிற்கும். சாயங்காலம் அதன் இலை மூட ஆரம்பித்தால் பஸ்ஸுக்குக் கிளம்புவோம். தென்னமெரிக்கப் பக்கத்து மரம் அது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது எங்கள் ஊர் மரம்.

புதிய கட்டடத்துக்காக அதை வெட்டிவிட்டார்கள். கட்டடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏலக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது: ‘மரம் – 1’. பேர் இல்லை, வயது இல்லை, சுற்றளவும் இல்லை.

இன்னும் அங்கே ஓர் ஏழிலைப்பாலையும் நாலைந்து பனைகளும் நிற்கின்றன. பாலைமரக் காடுதான் பாலக்காடு ஆனது என்று சொல்வார்கள். யட்சி குடியிருக்கிறாள் என்று பயந்து, அது பூக்கும் இரவுகளில் ஹாஸ்டல் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகைக்கு உதவிய மரம் அது. தாவரவியல் பெயரில் உள்ள ‘ஸ்காலாரிஸ்’ (பள்ளிக்குரியது) அதனால் வந்ததுதான். தாகூரின் சாந்திநிகேதனில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அதன் இலைக்கொத்தைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வயதைப் பதிந்துவைக்காவிட்டால் பனையின் நிலை இன்னும் மோசம். வெட்டிப் பார்த்தாலும் வயதை எண்ண அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. வைத்தவரோ பார்த்தவரோ சொன்னால்தான் உண்டு.

ஊராட்சிகளில் அந்தந்த ஊர்ச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் குறித்துவைக்கும் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிறார்கள். அதைப் போலக் கல்லூரிதோறும் ஒரு மரப் பதிவேடு தொடங்கட்டும். ஆதாரம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. வருஷா வருஷம் அந்தத் தூங்குமூஞ்சிக்கு அடியில்தான் குரூப் போட்டோ எடுப்பார்கள். முன்வரிசையில் சிலேட்டில் வருஷம் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் மரம் பருத்த கதை தெரியும்.

என்னிடம் 1984-ஆம் வருஷப் படம் இருக்கிறது. அதில் எங்கள் பின்னால் நிற்கும் அடிமரம் மூன்று பேரை மறைக்கும். பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.