மகளுக்கு: தாளத்தை விடு, மாத்திரையைப் பிடி

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் நீங்கள் ஐந்து பேரும் மேடையேறப் போகிறீர்கள், அமெரிக்க மெற்றல் குழுவான ட்ரீம் தியேற்றரின் பாட்டுகளைத்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். மெத்தச் சந்தோசம். ஆனால் முதல் பாட்டாக 'த டான்ஸ் ஒஃப் எற்றேர்னிற்றி'யை எடுத்திருக்கிறீர்கள். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு நிமிடம் சொச்சம். பாடுகிற பிள்ளைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. தாளம் நூறு தடவைக்கு மேல் மாறும். அதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கடைசிக்குத் தள்ளி வை என்றுதான் சொல்கிறேன். ஏனென்று விளக்கமாக எழுதுகிறேன், ஒத்திகைக்கு முன்னம் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

ட்ரம்ஸ் உன் கையில் இருப்பதால் உன்னிடமிருந்தே தொடங்குகிறேன். சின்ன வயதிலிருந்து மிருதங்கம் படித்தபடியால் ஐந்தும் ஏழும் ஒன்பதும் உனக்குப் பயமில்லை. அது பெரிய பலம். ஆனால் மிருதங்கம் படித்த ஆட்கள் மட்டுமே விழுகிற ஒரு குழியும் இந்த இசையில் இருக்கிறது. எங்களுக்குத் தாளம் அசையாது. ஆதி என்றால் அந்தப் பாட்டு முடியுமட்டும் ஆதிதான். அதற்குள்ளே நடையை, அதாவது ஒரு தட்டுக்குள் எத்தனை சொல் என்பதை மாற்றுவோம், பாட்டுத் தொடங்குகிற எடுப்பைத் தள்ளுவோம், மூன்று தரம் வாசித்து முடிக்கிற கோர்வை வைப்போம், கடைசியில் சமத்துக்கு, அதாவது முதல் தட்டுக்கு வந்து சேருவோம். இவர்களிடம் அந்தத் தாளமே ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம், சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: ஒரு மாத்திரையின், அதாவது நாங்கள் எண்ணுகிற ஆகச் சின்ன அலகின் நீளம். 7/8 (எட்டிலொரு பங்குச் சொல் ஏழு கொண்ட ஆவர்த்தனம்) முடிந்து 4/4 வந்தாலும், அதற்குப் பிறகு 5/8 வந்தாலும், அந்த எட்டிலொரு பங்குச் சொல்லின் வேகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகையால் தாளத்தை விடு, மாத்திரையைப் பிடி.

கண்ட நடைக்கும் 5/8 இற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேதான் வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ட நடையில் தட்டு நகராது, ஒரு தட்டுக்குள் ஐந்து சொல்லை நெருக்கி வைக்கிறோம். 5/8 இல் சொல்லின் வேகம் மாறாது, ஆவர்த்தனம்தான் ஐந்தோடு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பழக்கதோசத்தில் நீ நடையை மாற்றினாயோ, நாலு சொல் இருந்த இடத்தில் ஐந்து வந்துவிடும், வேகம் காற்பங்கு கூடிவிடும். கிற்றார் வாசிக்கிற பெடியன் பின்னுக்கு நிற்பான். அவன் பிழை விட்டான் என்று எல்லாரும் நினைப்பார்கள், பிழை உன்னுடையதாக இருக்கும்.

ஏழையும் பார். மிஸ்ர சாபு என்றதும் உன் கை தகிட தகதிமி என்று மூன்றும் நாலுமாகப் போகும். மெற்றல் இசையில் அநேகமாக நாலும் மூன்றும்தான், தகதிமி தகிட. எண்ணிக்கை ஏழுதான், ஆனால் ஸ்னெயார் என்கிற பக்க ட்ரம் விழுகிற இடம் மாறிப்போகும். கிற்றாரின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். இன்னொன்று, ஹை-ஹற் என்கிற இரட்டைச் சிம்பலை இரண்டு மாத்திரைக்கு ஒரு தடவை சீராக அடித்துக்கொண்டு 7/8 வாசித்துப் பார். முதல் ஆவர்த்தனத்தில் 1, 3, 5, 7 ஆம் மாத்திரைகளில் விழும், அடுத்ததில் 2, 4, 6 இல் விழும், மூன்றாவதில் திரும்ப ஒன்றில் வந்து நிற்கும். கேட்கிறவர் நேரான தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பார், கீழே ஏழு ஓடிக்கொண்டிருக்கும். பத்திரகாளி அம்பாள் கோயில் மேளக்கச்சேரியில் தவில்காரர் கோர்வையை மூன்றாம் தரம் முடித்துச் சமத்தில் விழும்போது சனம் ஒன்றாகத் தலையாட்டுமே, அதே சுகம்தான்.

இனிப் பயிற்சி. இது பாட்டில் உள்ளதல்ல, கை பழகுவதற்கு நான் கட்டித் தருவது.

தகதிமிதகிட, தகதிமிதகிட, தகதிமிதகஜொணு, தகதகிட.

7, 7, 8, 5. கூட்டினால் 27 மாத்திரை. முதலில் வாயால் மட்டும் சொல், சீராகத் தட்டிக் காட்டும் மெற்றனோம் கருவியில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தட்டு, நிமிடத்துக்கு 140. பிழையில்லாமல் பத்துச் சுற்று வந்தால், மெற்றனோமை 70 இற்கு இறக்கி இரண்டு மாத்திரைக்கு ஒரு தட்டாக்கு. வேகம் அதேதான், ஆனால் 27 ஒற்றை எண். முதல் சுற்றுத் தட்டில் தொடங்கும், இரண்டாம் சுற்று இரண்டு தட்டுகளுக்கு நடுவில் தொடங்கும், மூன்றாவதுதான் திரும்பத் தட்டில் விழும். இரண்டாம் சுற்றில்தான் எல்லாருக்கும் கால் தடுமாறும். அதை அரை இடம் தள்ளிய எடுப்பு என்று நினைத்துக்கொள், தடுமாறாது. அதற்குப் பிறகு வலக்கால், பிறகு ஸ்னெயார், கடைசியில் ஹை-ஹற். நிமிடத்துக்கு 4 தட்டுக்கு மேல் ஒரே நாளில் ஏற்றாதே. ஒரு வேகத்தில் மூன்று தடவை அடுத்தடுத்துப் பிழைத்தால் 8 இறக்கு. பிழையோடு நூறு தடவை வாசித்தால் கை அந்தப் பிழையைத்தான் மனப்பாடம் பண்ணும்.

இரண்டு காலாலும் பேஸ் ட்ரம்மை அடிக்கிற இரட்டைப் பெடலுக்கு இடக்காலைத் தனியாகப் பழக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 தட்டு, தட்டுக்கு நாலு அடி என்றால் 400 அடி, ஒரு காலுக்கு 200. வலக்காலுக்கு அது லேசு. இடக்கால் பத்து விநாடியில் பின்தங்கி, அடிகள் இரண்டிரண்டாக ஒட்டத் தொடங்கும். இடக்காலால் மட்டும் ஒரு நிமிடம் சீராக 200 வராமல் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

பாட்டுகளுக்கு வருகிறேன். 2010 செப்ரெம்பரில் ட்ரீம் தியேற்றரின் ட்ரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னோய் விலகியபோது அவர்கள் ஏழு ட்ரம்ஸ் கலைஞர்களை நியூயோர்க்குக்கு அழைத்துச் சோதித்தார்கள். வாசிக்கச் சொன்ன பாட்டுகள் மூன்று: 'எ நைற்மெயார் ரு ரிமெம்பர்', 'த டான்ஸ் ஒஃப் எற்றேர்னிற்றி', 'த ஸ்பிரிற் கரீஸ் ஒன்'. முதல் இரண்டும் ஏன் என்று யாருக்கும் விளங்கும். மூன்றாவது ஆறுதலான, நேரான, பாட்டுக்கு வழிவிட்டு நிற்க வேண்டிய பாட்டு. அதைச் சோதனையில் வைத்ததில்தான் அவர்களுடைய அனுபவம் தெரிகிறது. வேகமாக வாசிக்கும்போது சின்னத் தளம்பல் அந்தச் சத்தத்துக்குள் மறைந்துவிடும். ஆறுதலான பாட்டில் இரண்டு அடிக்கு இடையில் இவ்வளவு வெளி கிடக்கும், ஒரு மயிரிழை முந்தினாலும் அம்பலமாகிவிடும். அந்தச் சோதனையில் தேறிய மைக் மான்ஜீனி, பேர்க்லி இசைக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

ஆகவே நீங்களும் 'த ஸ்பிரிற் கரீஸ் ஒன்'னில் தொடங்குங்கள். அடுத்தது 'புல் மீ அண்டர்'. 1992 இல் வந்த 'இமேஜஸ் அன்ட் வேர்ட்ஸ்' இசைத்தட்டில் முதற் பாட்டு, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், அப்படியிருந்தும் அமெரிக்க வானொலிகளிலும் எம்.ரி.வி.யிலும் பரவி இவர்களை உலகம் அறியச் செய்தது. சாதாரண சுருதிக் கிற்றாரே போதும், பெரும்பகுதி நாலில்தான் போகிறது. முடிவு மட்டும் கவனம்: பாட்டுப் பாதி வரியில் வெட்டியதுபோல் நிற்கும். ஐந்து பேரும் ஒரே மாத்திரையில் கையை எடுக்காவிட்டால் கரன்ற் போனதுபோல் ஆகிவிடும். நீ சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும், கிற்றார்காரர் தந்தியை உள்ளங்கையால் அமத்த வேண்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் இருபது தடவை தனியாகப் பாருங்கள்.

அந்த இசைத்தட்டின் ட்ரம்ஸ் ஒலியை அப்படியே எடுக்க முயலாதே. தயாரிப்பாளர் ட்ரம்ஸ் அடிகளுக்கு மேல் ஏற்கனவே பதிந்து வைத்த அடியொலிகளைப் போட்டிருந்தார், போர்ட்னோய்க்கே அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்னெயார் அடியும் ஒரே அளவாகக் கேட்பது அதனால்தான். மனிதக் கையில் அது வராது, வரவும் தேவையில்லை.

கிற்றார்காரப் பெடியனுக்கு இதைச் சொல். 1994 இன் 'அவேக்' இசைத்தட்டிலிருந்து அவர்களுடைய கிற்றார்காரர் ஜோன் பெற்றூச்சி ஏழு தந்திக் கிற்றாரும் வாசிக்கிறார். ஏழாவது தந்தி பி, ஏறத்தாழ 62 ஹேர்ட்ஸ். ஜோன் மியுங்கின் பேஸ் கிற்றாருக்கு ஆறு தந்தி. இரண்டும் உன் பேஸ் ட்ரம்மும் ஒரே கீழ்ப்பகுதியில் கூடினால் மண்டபத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். கிற்றாரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்ரோஷனை வீட்டில் வைக்கிற அளவில் பாதியாக்கி, நடு ஒலியைக் கூட்டச் சொல். அறையில் தனியே கேட்க அது மெலிசாகத்தான் இருக்கும், ஐந்து பேரோடு சேர்ந்தால் நிரம்பிவிடும். பி தந்தியின் தடிப்பு 0.056 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிய தந்தியைத் தளர்த்திக் கட்டினால் அழுத்தி மீட்டும்போதெல்லாம் சுருதி மேலே ஏறி ஏறி இறங்கும், எந்தக் கருவியைக் கொண்டு சுருதி சேர்த்தாலும் நிற்காது.

பாடுகிற பிள்ளைக்கும் ஒன்று. அவர்களுடைய பாடகர் ஜேம்ஸ் லாப்ரி உன்னைப்போலக் கனடாவில் இருந்தவர்தான். ஒலிநாடா அனுப்பி, கூப்பிட்டுப் பார்த்து, 1991 இல் சேர்த்தார்கள். 1994 டிசம்பரில் கியூபாவில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கடுமையாகச் சத்தி எடுத்ததில் குரல்நாண் கிழிந்தது. அடுத்த மாதமே மேடையில் பாடினார். பழைய குரல் திரும்பக் கன வருசம் எடுத்தது. தொண்டை நொந்தால் ஒத்திகையை நிறுத்துங்கள். எட்டவில்லை என்றால் எல்லாரும் ஒரு சுரம் இறக்குங்கள். நாங்கள் பாடுகிறவருக்கு ஏற்றபடி ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று வைப்பதில்லையா? அதில் ஒரு குறையும் இல்லை.

இனி எனக்கு இவர்களிடம் ஆகப் பிடித்த விசயம். நீ பாட்டு பாட்டாகத்தான் கேட்டிருப்பாய். 1999 இன் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஓர் இரைச்சலோடு முடியும். 2002 இன் 'சிக்ஸ் டிகிரீஸ் ஒஃப் இன்னர் ரேர்பியுலன்ஸ்' அதே இரைச்சலில் தொடங்கும். அது பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற ஒரு நீண்ட சுரக்கட்டோடு முடிய, 2003 இன் 'ட்ரெயின் ஒஃப் தோட்' அந்தச் சுரக்கட்டில் தொடங்கும். அதன் கடைசிப் பியானோ ஒலியில் 2005 இன் 'ஒக்டவேரியம்' தொடங்கும். 'ஒக்டவேரியம்' தன் தொடக்கத்துக்கே திரும்பி வந்து முடிந்துவிடும். இது அந்தாதி, மகள். ஒன்றின் அந்தம் அடுத்ததன் ஆதி, கடைசியில் முடிவு தொடக்கத்தோடு சேர்ந்து மண்டலித்து நிற்கிறது. ஆறு வருசம் நாலு தட்டுகளில் அந்தாதி தொடுத்திருக்கிறார்கள்.

'ஒக்டவேரியம்' எட்டாவது தட்டு, அதில் எட்டுப் பாட்டு. ஒவ்வொரு பாட்டின் ஆதார சுருதியும் மேற்கத்தியப் பெயரில் எஃப், ஜி, ஏ, பி, சி, டி, ஈ, திரும்ப எஃப் என்று ஏறிக்கொண்டு போகிறது. ஆர்மோனியத்தில் எஃப்பை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறிப் பார். மத்திமம் பிரதி மத்திமமாக விழும். கல்யாணி ராகத்தின் ஆரோகணம்! பாட்டுகள் கல்யாணியில் இல்லை, அவை நிற்கிற படிகள்தான் கல்யாணி. அவர்கள் அதை அப்படி நினைத்துச் செய்யவில்லை, ஆனால் எங்கள் காதுக்கு அது ஒரு கொடை.

குழுவை நடத்துவது பற்றியும் கேட்டிருந்தாய். 1985 இல் பொஸ்ரன் பேர்க்லி இசைக் கல்லூரியில் பெற்றூச்சி, மியுங், போர்ட்னோய் மூவரும் 'மெஜஸ்ரி' என்ற பெயரில் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் வேறொரு குழு இருந்தபடியால் மாற்ற வேண்டி வந்தது, கலிபோர்னியாவில் இருந்த ஒரு படமாளிகையின் பெயரைப் போர்ட்னோயின் தகப்பனார் எடுத்துக் கொடுத்தார். நீங்களும் சுவரொட்டி அடிக்க முன்னம் பெயரைத் தேடிப் பாருங்கள். 1997 இன் 'ஃபோலிங் இன்ரு இன்ஃபினிற்றி'யில் இசைத்தட்டுக் கம்பனியின் சொல்லுக்கு இணங்கி, பாட்டுகளைச் சுருக்கி, வெளியாள் ஒருவரோடு சேர்ந்தும் எழுதினார்கள். யாருக்கும் திருப்தியில்லை. அடுத்த தட்டைப் பெற்றூச்சியும் போர்ட்னோயும் தாங்களே தயாரித்தார்கள், அதுதான் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. ஜோர்டன் ரூடஸ் கீபோர்ட்டுக்கு வந்ததும் அப்போதுதான். 2010 இல் போர்ட்னோய் கொஞ்சக்காலம் ஓய்வு வேண்டும் என்றார், மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், பிரிந்தார்கள். 2022 இல் கிராமி விருது மான்ஜீனியின் வாசிப்போடுதான் வந்தது. 2023 ஒக்ரோபரில் போர்ட்னோய் திரும்பினார், 2025 இல் 'பரசோம்னியா' வந்தது. உங்களுக்குள்ளும் ஒருவருக்குப் பரீட்சை வரும், ஒருவருக்கு வேலை மாறும். ஒரு மாதம் நிறுத்துவதா, ஆளை மாற்றுவதா என்பதைச் சண்டை வரமுன்னம் கதைத்து எழுதி வையுங்கள்.

காது கவனம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 இற்கு வந்தால் வெறும் 15 நிமிடம். மூடிய அறையில் ட்ரம்ஸ் அதை லேசாகத் தாண்டும். பஞ்சு அடைப்பது போதாது, இசைக்காரருக்கென்று விற்கிற காதடைப்பான் வாங்கு. ஒத்திகை முடிந்து காதில் இரைந்தால் அடுத்த நாள் வாசிக்காதே.

வருகிற கிழமை அந்த 27 மாத்திரையை மூன்று சுற்றுச் சொல்லி, கையால் தட்டி, கைபேசியில் பதிந்து அனுப்பு. மெற்றனோம் 70 இல் இருக்கட்டும், அதன் சத்தமும் கேட்க வேண்டும். இரண்டாம் சுற்றைத்தான் நான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா