நிலாவரையில் பம் பூட்டுமுன்: வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர், உறுப்பினர்களுக்கு,

யாழ்ப்பாணம் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருவோர் இரண்டு கதை கேட்டுப் போகிறார்கள். வானரப் படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பு ஊன்றிய இடத்தில் நீர் ஊறியது என்பது ஒன்று. இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கடலோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது மற்றது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே ஒட்டிக்கொண்ட மூன்றாவது நம்பிக்கைதான் ஆபத்து: எவ்வளவு இறைத்தாலும் வற்றாதாம், ஆகவே இறைக்கலாமாம்.

வற்றாதுதான், ஆனால் உப்புநீராகும், அதாவது உவராகும். சுண்ணாம்புக் கல்லை மழைநீர் கரைத்துக் குடைந்த குகை, கூரை இடிந்து திறந்துகொண்டதே இந்தக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இதனால் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்கும் நன்னீர், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவரை அமுக்கி வைத்திருக்கும். மட்டம் அரை அடி இறங்கி அப்படியே நின்றால், உவர் 20 அடி வரை ஏறலாம். படிக்கட்டில் நின்று பார்ப்பவருக்கு அந்த அரை அடிகூடப் புலப்படாது.

இறைத்தே ஆகவேண்டுமென்றால் சிறிய பம் போதும். ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே நிறுத்துங்கள். மிக மேலே வந்தால் காற்று இழுக்கும். ஆழத்தில் விட்டால் உவரை இழுக்கும்.

எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று அளவெடுக்க வாளி உதவாது, மேலே வரும்போது தண்ணீர் கலந்துவிடும். நீண்ட கேபிள் உள்ள மின்கடத்துதிறன் மானியை (உப்பு கூடினால் இதன் எண்ணும் கூடும்) மேலிருந்து கீழாக, மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தி, எண் அசையாமல் நின்றபின் குறியுங்கள். நைலோன் கயிற்றில் கட்டினால் இழுபட்டு ஆழக் கணக்கு பிழைக்கும். அன்றைய நீர்மட்டத்தையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

எலுமிச்சம்பழம் கீரிமலைக்குப் போகிறதோ இல்லையோ, சுற்றியுள்ள தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே வடிகட்டப்படாமல் நிலத்தடி நீரில் சேரும். ஆகவே அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்றையும் சோதிக்க வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

முதல் அளவைக் கோடை இறைப்புத் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். பம் ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தால், உவர் ஏறியதா முன்பே அங்கே இருந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.