கோயிலும் பள்ளிவாசலும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கே கிழக்கிலங்கையில் பட்டம் முடித்த பிள்ளைகள் அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்துக்கிடப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. வேலை இல்லை என்பது பாதிப் பிரச்சினைதான். தனக்கு எந்த வேலை சரிவரும் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் இருக்கிறதே, அது மற்றப் பாதி. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் உள்ள யூத சமூக நிறுவனங்கள் இந்த விஷயத்தில் செய்வதை நாம் கொஞ்சம் பார்க்க வேண்டும். யூதர் என்றதும் இங்கே பலருக்குக் காஸா நினைவுக்கு வரும், பொத்துவில் பக்கம் என்றால் இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகள் வரும் அறுகம்பையும் சேர்ந்து வரும். அந்த அரசியலை இதில் கலக்காதீர்கள். அங்கே குடியேறிய மக்கள் தங்கள் ஆட்களைத் தாங்குவதற்கென்று கட்டியெழுப்பிய சங்கங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவ நூறு வருடத்துக்கு முன்பே நியூயோர்க்கில் தொடங்கிய ஹயஸ் என்ற நிறுவனம் இன்று எந்த மதத்து அகதியென்றாலும் உதவுகிறது. பொஸ்டனில் 1895இலேயே தனித்தனித் தரும சங்கங்கள் ஒன்றுகூடி ஒரே நிதியாகக் காசு திரட்டத் தொடங்கிவிட்டன. முதியோருக்குச் சாப்பாடு, வேலை தேடுவோருக்குப் பயிற்சி, குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை என்று பல நகரங்களில் இப்படியான நிறுவனங்கள் இருக்கின்றன.

கோடை விடுமுறையில் இவை பல்கலைக்கழக மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்கு எடுக்கின்றன. பல திட்டங்களில் கைச்செலவுக்குக் கொடுப்பனவும் உண்டு. ஒருவர் அகதிக் குடும்பத்தின் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கூடப் போவார், இன்னொருவர் நிதி திரட்டும் பிரிவில் கணக்குப் பார்ப்பார், பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஒருவர் இருப்பார். அங்கே சமூகப்பணியில் முதுமாணி செய்பவர் குறைந்தது 900 மணித்தியாலம் களத்தில் நின்றே ஆகவேண்டும், அதற்கும் இந்த நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. பயிற்சி பெற்ற இடத்திலேயே வேலைக்குச் சேர்பவர்களும் உண்டு. இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று இருபது வயதிலேயே கண்டுகொண்டு வேறு பக்கம் போகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவதும் பெரிய லாபம்தான்.

இங்கே என்ன நடக்கிறது? 2020இல் பட்டதாரிப் பயிலுநர் என்று மாதம் 20,000 ரூபா கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தார்கள். அந்தக் காசு எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய உதவியது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் போன அலுவலகத்தில் அவனுக்கு ஒரு கதிரைகூட நிரந்தரமாக இருக்கவில்லை, யார் லீவோ அவருடைய மேசையில் இருந்து போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்ததுதான் அவன் பெற்ற பயிற்சி.

எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறிய பெண்கள் அமைப்புக்கு உதவிக்குப் போனாள். நுண்கடன் எடுத்த பெண்களின் கட்டுப் புத்தகங்களை வாங்கி, எடுத்தது எவ்வளவு, வாரக்கட்டு எவ்வளவு, உண்மையில் போகும் வட்டி எவ்வளவு என்று கொப்பியில் கோடு போட்டு எழுதுவது அவள் வேலை. அங்கிருந்த மூத்த அக்கா ஒருவர் முதலில் தானே இரண்டு மூன்று புத்தகம் போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் அவளைத் தனியே விட்டார். வகுப்பில் பாடமாக்கிய வட்டிச் சூத்திரம், ஒரு தாய் காதுத்தோட்டை அடகு வைத்துக் கட்டிய காசாக அவளுக்கு முன்னால் வந்து நின்றது. வங்கியில் ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தவள், கிராமியக் கடன் வேலைதான் வேண்டும் என்று இப்போது கூட்டுறவுத் துறையைத் தேடிப் போகிறாள்.

சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளராகவும் வெளிக்கள உத்தியோகத்தராகவும் போனவர்கள் பலர் இன்று நல்ல நிலையில் இருப்பதும் இப்படித்தான். அந்த நிறுவனங்கள் போய்விட்டன. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் போகவில்லை. கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர்மாருக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் நான் கேட்பது பெரிய காரியமல்ல. வயலும் கடையும் வாடகைக்கு விடும் கோயிலில் கணக்கு இருக்கிறது, முஸ்லிம்கள் கொடுக்கும் ஸகாத் என்ற தருமத்தைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் யாருக்குத் தேவை என்று வீடு வீடாகப் பார்க்கும் வேலை இருக்கிறது, முதியோர் இல்லத்தில் மருந்துப் பதிவேடு இருக்கிறது. எல்லாம் உண்மையான வேலை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் அலகுகளுக்கு ஒரு கடிதம் போட்டு, அடுத்த விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளை எடுங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள், சொல்லிக்கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், முடிந்ததும் என்ன வேலை செய்தார் என்று விபரமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தங்கள் ஊர், தங்கள் மதம் என்று மட்டும் பார்க்காமல் எடுத்தால் இன்னும் நல்லது, முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பிள்ளை பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியிலும் ஆரையம்பதிப் பிள்ளை காத்தான்குடியிலும் வேலை பழகலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.