மூடுபனியில் லேசருக்குக் கண் தெரியாது

பண்டாரவளை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வவுனியா வெயிலைத் திட்டி நீ எழுதியதை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படித்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சி வேலை செய்யும் தேயிலை ஸ்டோருக்கு (தொழிற்சாலைக்கு) கலர் செப்பரேட்டர் என்ற மெஷின் வந்திருக்கிறது. நம் அம்மாமார் குனிந்திருந்து குச்சி பொறுக்கிய வேலையை இப்போது கெமரா பார்க்கிறது. குச்சி என்று பட்டால் காற்றை ஊதித் தள்ளிவிடுகிறது. தூள் சுத்தமாக வருகிறதாம். பொறுக்கிக்கொண்டிருந்தவர்களை எங்கே போட்டார்கள் என்று கேட்டேன், தங்கச்சி பேச்சை மாற்றிவிட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லேசரை வைத்து நடந்த கண்டுபிடிப்புகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். 1960 மே 16இல் மைமன் கலிபோர்னியாவில் ரூபிக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தது, அதே வருஷக் கடைசியில் பெல் ஆய்வுகூடத்தில் அலி ஜவான் குழு ஹீலியம்-நியோன் லேசரைச் செய்தது, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனைத் தோளில் சுமந்து மலை ஏறுகிற என்னைப் போன்ற நில அளவைக்காரனுக்குப் பிடித்த ஆள் வேறு. சுவீடன்காரர் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட்.

1940களில் அவர் ஒளியின் கதியை அளக்க ஒரு கருவி செய்தார். ஒளியின் பிரகாசத்தை ஒரு மீடிறனில் (செக்கனுக்கு இத்தனை தடவை என்று) கூட்டிக் குறைத்து, தெரிந்த தூரத்தில் இருக்கும் கண்ணாடிக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வருவதன் அவத்தை, அதாவது அந்த ஏற்ற இறக்கத்தின் கட்டம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் கதி கிடைக்கும். அப்புறம் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். கதி தெரிந்தால் தூரத்தை அளக்கலாமே! ஜியோடிமீட்டர் அப்படித்தான் வந்தது. லேசர் இல்லாத காலம், சாதாரண விளக்கொளி, அதனால் இருட்டிய பிறகுதான் நன்றாக வேலை செய்யும். லேசர் வந்த பின்தான் பட்டப்பகலில் நீண்ட தூரம் அளப்பது சுலபமானது. இன்று நான் சுமக்கும் கருவியின் உள்ளேயும் அடிப்படை அதுதான்.

1983இல் உலகமே இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு வந்துவிட்டது. வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனில் போவது 299,792,458 மீற்றர் என்று நிரந்தரமாக முடிவு செய்து, மீற்றரை அதிலிருந்து எடுக்கிறார்கள். ஆகவே ஒளியின் கதியை இனி யாரும் மீற்றரில் புதிதாக அளக்க முடியாது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. ஒரு பிள்ளையாவது சண்டைக்கு வரும்.

மறுமுனையில் நாங்கள் வைக்கும் பிரிசத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள். எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழிக்கே திருப்பி அனுப்பும். இதே வகைப் பிரிசங்களில் நூறைச் சேர்த்து 1969இல் அப்பலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்தது. பூமியிலிருந்து விடும் லேசர் ஏறக்குறைய இரண்டரை செக்கனில் போய்த் திரும்புகிறது. நிலா வருஷத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது என்பதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

ஆனால் வெற்றிடத்துக்கு நாங்கள் எங்கே போவது? காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது வெற்றிடத்தை விட ஒளி அதில் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பது, சுமார் 1.0003. அந்தக் கடைசி மூன்றுதான் எங்கள் தலைவலி. வெப்பநிலை ஒரு பாகை மாறினால் கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் பிசகும். அமுக்கம் இன்னும் மோசம். கொழும்பில் 1010 மில்லிபார் என்றால் நுவரெலியாவில் 810 அளவுதான் இருக்கும். கொழும்பு எண்ணை மாற்றாமல் அங்கே அளந்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தைக் கருவி ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் குறைத்துக் காட்டும். திரையில் மில்லிமீற்றர் வரைக்கும் எண் ஓடுவதால் பார்ப்பவனுக்குச் சந்தேகமே வராது. அதனால் என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் காற்றின் அமுக்கத்தை அளக்கும் பாரமானியைத்தான் கொடுக்கிறேன். அமெரிக்காவில் லைகோ ஆய்வுகூட ஆட்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 4 கிலோமீற்றர் நீளக் குழாய்களிலிருந்து காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். அப்படித்தான் 2015இல், வெளியையே நெளிய வைக்கும் ஈர்ப்பலையைப் பிடித்தார்கள், புரோத்தனின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறிய அசைவை அளந்து. கேட்கவே கிறுகிறுக்கிறது.

இப்போது நான் பார்ப்பது ஒரு தோட்டத்து வேலை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே சரிவு, அதில் வெடிப்பு. எதிர்ப்பக்கப் பாறையில் தூண் கட்டி, அதிலிருந்து சரிவில் பதித்த பிரிசங்களை அளக்கிறோம். அடுத்த தடவையும் அதே தூணிலிருந்து அளந்து ஒப்பிட வேண்டும். தூணே நகர்ந்திருந்தால் எல்லாம் வீண், ஆகவே தூணையும் வேறு பாறைகளிலிருந்து சரிபார்க்க வேண்டும். இந்த மலையில் அசையாத இடம் ஒன்றைத் தேடுவதுதான், மச்சான், பாதி வேலை.

இன்னும் பெரிய சிக்கல் மூடுபனி. அதன் துளிகள் ஒளியின் அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியவை. ஒளியை நாலா பக்கமும் சிதறடித்துவிடும், பிரிசத்திலிருந்து ஒன்றும் திரும்பாது. மண் நகர்வதோ மழையில். தண்ணீர் இறங்கி உள்ளே அமுக்கம் கூடும்போதுதான் சரிவு பிடி விடும். அதாவது மலை நகரும் அன்றைக்குத்தான் லேசருக்குக் கண் தெரியாது. அந்த நேரத்துக்கு நான் நம்புவது வெடிப்புக்கு மேலும் கீழும் முளை அடித்துக் கட்டிய கம்பியை. எக்ஸ்டென்சோமீற்றர் என்று பேர். இழுபட்டால் மணி அடிக்கும், இருட்டும் மழையும் அதற்கு ஒன்றுதான். லேசர் வெயில் மாதங்களுக்கு: எந்தச் சரிவு மெதுவாக ஊர்கிறது என்று முன்கூட்டிக் கண்டுபிடித்து, எண்களோடு மேசையில் வைக்கலாம்.

வைத்த பிறகு என்ன நடக்கும் என்பது வேறு கதை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்சரிவில் புதைந்தது எச்சரிக்கை இல்லாததால் அல்ல. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போக வேறு இடம் இல்லாத சனம் என்ன செய்யும்? வீடு கட்டக் கேட்கும் ஏழு பேர்ச் காணிக்கு சனம் நடக்கும் நடையை அளக்க இன்னும் கருவி வரவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை சொல்கிறேன். சிவப்பு லேசர் பொயின்டரைப் பழைய சீடி ஒன்றில் நேராக விழுத்து. சீடியின் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர். ஒரு மீற்றர் தள்ளிச் சீடிக்குச் சமாந்தரமாகத் திரை வைத்தால், நடுவிலிருந்து சுமார் 44 சென்ரிமீற்றரில் அடுத்த புள்ளி விழும். அதிலிருந்து அலைநீளத்தை எடுக்கச் சொல், 650 நனோமீற்றருக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்புறம் பெர்க்ஸ்ட்ராண்ட் மாதிரித் திருப்பிப் போடு: அதே அலைநீளத்தை வைத்து ஒரு டிவிடியின் தட இடைவெளியைக் கேள். புள்ளி மிகவும் அகலத்தில் விழும், திரையைக் கிட்டக் கொண்டு வர வேண்டியிருக்கும். கண்ணில் மட்டும் படவிடாதே. சீடி கிடைக்கவில்லை என்றால் எழுது, என் அலுமாரியில் பழைய பாட்டுச் சீடிகள் ஒரு கட்டு கிடக்கிறது. பிள்ளைகளுக்கு என்ன எண் வந்தது என்று மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
உன் பண்டாரவளைக் கூட்டாளி