'கேன்' என்று கேட்ட பிள்ளையைத் திருத்தும் ஆங்கில ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். 'கேன்' என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

'மிஸ், கேன் ஐ கோ டு தி டாய்லெட்?' என்று ஒரு பிள்ளை கேட்கிறது. 'உன்னால் போக முடியுமா முடியாதா என்று எனக்கெப்படித் தெரியும்? மே ஐ என்று கேள்' என்கிறார் ஆசிரியர். வகுப்பே சிரிக்கிறது. காலை நெருக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை, வாக்கியத்தைத் திருத்திச் சொன்ன பிறகுதான் வெளியே ஓட முடிகிறது. இப்படிச் சிரிப்புக்கு ஆளானவர்கள் அப்புறம் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவே யோசிக்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறேன்.

கேன் என்றால் திறமை, மே என்றால் அனுமதி என்பது நாம் சொல்லித்தரும் விதி. அந்தச் சொற்கள் வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் 'குன்னன்' என்று இருந்ததுதான் இன்றைய கேன். அதன் முதல் பொருள் 'தெரிந்திருத்தல்'. ஸ்காட்லாந்தில் இன்றும் தெரியும் என்பதற்கு 'கென்' என்பார்கள். சூழ்ச்சிக்காரரைக் குறிக்கும் 'கன்னிங்' முதலில் அறிவு, கைத்திறன் என்ற நல்ல பொருளில்தான் வழங்கியது. நயமில்லாதவரைச் சொல்லும் 'அன்கூத்' ஒரு காலத்தில் 'அறியப்படாத' என்றே பொருள்பட்டது. எல்லாம் ஒரே வேர்.

தெரிந்திருத்தல் எப்படி 'முடியும்' ஆனது என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்குவது மிகவும் சுலபம். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று நாம் சொல்வது நீந்த முடியும் என்பதைத்தானே? ஜெர்மன்காரர்களும் தங்களுக்கு ஒரு மொழி தெரியும் என்று சொல்ல இதே வேரில் பிறந்த 'கான்' என்ற சொல்லைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

மே என்பதன் கதை இன்னும் முக்கியம். அதன் பழைய பொருளே வலிமை பெற்றிருத்தல், இயலுதல். வலிமையைக் குறிக்கும் 'மைட்' அதே வேர்ச்சொல். ஆக, ஒரு காலத்தில் 'முடியும்' என்று சொல்லிக்கொண்டிருந்ததே மேதான். அது அனுமதிப் பக்கம் நகர, அந்த இடத்துக்குக் கேன் வந்தது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து கேனும் அதே வழியில் அனுமதி கேட்கப் பரவலாகப் பயன்படுகிறது. அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. விண்ணப்பத்தில், பெரியவர்களிடம் பேசும்போது மே கூடுதல் மரியாதை என்று சொல்லிக்கொடுங்கள், சரி. கேன் தப்பு என்று சொல்லாதீர்கள்.

பிள்ளைகள் 'ஹி கேன்ஸ்' என்று எழுதுவதும் உண்டு. சிவப்பு மையில் சுழித்து 'விதிவிலக்கு' என்று விட்டுவிடுகிறோம். இதற்கும் காரணம் இருக்கிறது. கேன் என்ற வடிவம் ஆங்கிலம் தனி மொழியாவதற்கும் முன்பு இறந்தகால வடிவமாக இருந்தது. 'அறிந்துகொண்டேன்' என்பதே நாளடைவில் 'அறிவேன்' என்ற நிகழ்காலப் பொருளுக்கு வந்துவிட்டது. இறந்தகால வினையில் 'ஹி' வந்தாலும் 'எஸ்' சேர்வதில்லை அல்லவா? அந்தப் பழக்கம் கேனிடம் அப்படியே தங்கிவிட்டது. மே, ஷால் இரண்டும் இதே வகைதான்.

அப்புறம் 'குட்' (could) என்ற, கேனின் இறந்தகாலச் சொல். நடுவில் வாயில் வராத 'எல்' எதற்கு என்று கேட்காத பிள்ளை இல்லை. வுட், ஷுட் இரண்டிலும் எல் இருப்பது நியாயம், அவை பிறந்த வில், ஷால் இரண்டிலும் அது இருக்கிறது. கேனில் ஏது எல்? 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் குட் என்ற சொல்லில் அந்த எழுத்தே கிடையாது. பக்கத்துச் சொற்களைப் பார்த்துப் பிற்பாடு நுழைத்ததுதான். 'எல்' எழுத்தை விட்டுவிட்டு எழுதும் பிள்ளையைத் திருத்தத்தான் வேண்டும். கூடவே இதையும் சொன்னால், கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்று அதற்குத் தெரியும்.

கேன், மே போன்ற துணைவினைகளான மோடல் வினைகளுக்கான பாடம் வரும்போது பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கரும்பலகையில் கேன், கென், கன்னிங் மூன்றையும் எழுதி, பக்கத்தில் 'நீச்சல் தெரியும்' என்று தமிழில் எழுதுங்கள். கழிப்பறைக்குப் போகக் கேட்கிற பிள்ளையை, எந்தச் சொல்லில் கேட்டாலும், உடனே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பு நடத்தும் ஓர் ஆங்கில ஆசிரியர்