இரண்டு கமாவும் ஒன்பது நாள் கோபமும்

அன்புள்ள வசந்தி,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. நீ திட்டுவதற்கு முன்னால் நானே என்னைத் திட்டிக்கொண்டாயிற்று, அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ராஜி சொன்னாள். இதை நீயே படிக்கிறாயா, பேரனை விட்டுப் படிக்கச் சொல்கிறாயா தெரியவில்லை. பேரன்தான் என்றால், டேய் கண்ணா, பாட்டியைக் கிண்டல் செய்திருக்கும் இடங்களையும் விடாமல் படி.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கை சாந்தி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. காரணம், இரண்டு கமா.

விளையாட்டில்லை. என் மொழிபெயர்ப்புத் தொகுப்பு வந்ததே, அதில் சமர்ப்பணம் போட்டிருந்தேன் அல்லவா? "டு மை சிஸ்டர், பானு, ஹூ டாட் மீ டு ரீட்." எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் பானு அக்காதான், உனக்கும் தெரியும். அக்கா அதைத் தடவிப் பார்த்து அழுதேவிட்டாள். சாந்தியும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவள் மகள் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். அந்த மகராசி பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பெரியம்மாவுக்கு ஒரே ஒரு சிஸ்டர்தானா?" என்று கேட்டிருக்கிறாள். "பேருக்கு முன்னாலயும் பின்னாலயும் கமா போட்டா அதுதான் அர்த்தம். பானு பெரியம்மாவைத் தவிர கூடப்பிறந்தவ வேற யாரும் இல்லன்னு அச்சுல போட்டிருக்கு."

சாந்தி எனக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் யாரு?" நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இதில் உன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. முப்பது வருஷம் இங்கிலீஷ் கிராமர் சொல்லிக்கொடுத்தவள் நீ. முதல் பிரதி உனக்குத்தான் அனுப்பினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அது மரியாதையா, சோம்பலா, இல்லை கண் ஆபரேஷனா?

சரி, என் நிலைமையைச் சொல்கிறேன். அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. பேப்பரைத் திறந்தால் செய்தி கண்ணில் படுவதில்லை, பெயருக்குப் பக்கத்தில் கமா இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நாம் படித்த காலத்தில் இதற்கு "நவுன் இன் அப்பொசிஷன்" என்று பெயர். பின்பெஞ்சில் நாம் இரண்டு பேரும் அதை "ஆப்பொசிஷன்" என்று எழுதி, எதிர்ப்பதம் போலிருக்கிறது என்று ஆளுக்கு ஐந்து எதிர்ப்பதம் எழுதி வைத்தோமே! அம்புஜம் டீச்சர் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிய விதத்தை நீ இன்னும் நடித்துக் காட்டுவாயா? உண்மையில் லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது என்றுதான் பொருளாம். எதிரில் நிறுத்துவது ஆப்பொசிஷன், அருகில் உட்கார வைப்பது அப்பொசிஷன். இப்போது எல்லாரும் அப்போசிட்டிவ் என்கிறார்கள்.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு பெயர். அவ்வளவுதானே, இதில் என்ன சண்டை என்று நினைத்தேன். நம் நன்னூலிலேயே "ஒருபொருட்கு இருபெயர் வந்தவும்" என்று இருக்கிறது. சாரைப்பாம்பு. சாரையும் அதுதான், பாம்பும் அதுதான். இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க நமக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆனால் சாரைக்கும் பாம்புக்கும் நடுவில் யாரும் கமா போடுவதில்லை. இங்கிலீஷ்காரன் போடுகிறான், அல்லது போடாமல் விடுகிறான். இரண்டுக்கும் அர்த்தம் வேறு வேறு.

சாந்தி மகளிடமே போய் உட்கார்ந்தேன். (அம்மாவுக்குத் தெரியாமல்தான். அந்தப் பெண்ணும் பாவம், தான் கொளுத்திப்போட்டது இவ்வளவு தூரம் பற்றும் என்று நினைக்கவில்லை.) அவள் சொல்லிக்கொடுத்த சோதனை ரொம்ப எளிது. இரண்டாவது பெயரைக் கட்டைவிரலால் மூடு. மூடிய பிறகும் யாரைச் சொல்கிறோம் என்று தெரிகிறதா? தெரிந்தால் கமா போடு, அந்தப் பெயர் வெறும் உபரித் தகவல். தெரியவில்லையா, கமா போடாதே, ஆளை அடையாளம் காட்டுவதே அந்தப் பெயர்தான். இதற்கு நான்-ரெஸ்ட்ரிக்டிவ், ரெஸ்ட்ரிக்டிவ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எது எது என்று நான் இன்னும் குழப்பிக்கொள்கிறேன். கட்டைவிரல் குழப்புவதில்லை.

அவள் காட்டிய உதாரணத்தைப் பார். "மேரி கியூரி, எ சயின்டிஸ்ட், வன் தி நோபல் பிரைஸ் இன் 1903." சயின்டிஸ்டை மூடினாலும் மேரி கியூரி மேரி கியூரிதான். எனவே இரண்டு பக்கமும் கமா. இப்போது அதையே திருப்பிப் போடு. "தி சயின்டிஸ்ட் மேரி கியூரி வன் தி நோபல் பிரைஸ் இன் 1903." பெயரை மூடினால் எந்த சயின்டிஸ்ட்? அந்த வருஷமே பெக்கரலும் வாங்கினார், மேரியின் கணவர் பியரும் வாங்கினார். அதனால் கமா கூடாது. அதே ஆள், அதே இரண்டு சொல், முன்பின்னாக மாற்றி வைத்ததும் கமா காணாமல் போகிறது. முப்பது வருஷத்தில் இதை ஒருநாள் கூட நீ எனக்குச் சொல்லவில்லையே என்று உன்னை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"மை சிஸ்டர், பானு," என்று எழுதினால், பானுவை மூடினாலும் எந்த சிஸ்டர் என்று தெரியும் என்றாகிறது. அதாவது இருப்பது ஒருத்திதான். முதல் கமாவை மட்டும் எடுத்து, "டு மை சிஸ்டர் பானு, ஹூ டாட் மீ டு ரீட்" என்று விட்டிருந்தால் சாந்தி பிழைத்திருப்பாள். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். புருஷன் விஷயத்தில் சட்டப்படி கமா போட வேண்டும், இருப்பது ஒருவர்தானே. ஆனால் "மை ஹஸ்பெண்ட் இன்னார்" என்று கமா இல்லாமல் எழுதுகிறவர்கள் ஏராளம், யாரும் சந்தேகப்படுவதில்லையாம். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நன்றியுரைப் பக்கத்தில் அவர் பெயரைக் கமா இல்லாமல்தான் போட்டிருக்கிறேன்.

எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை என்று யோசித்தேன். தமிழில் நினைத்து எழுதியதுதான் காரணம். "என் அக்கா பானுவுக்கு" என்று எழுதியிருந்தால் சாந்திக்கு எங்கே வலித்திருக்கும்? அவள் அக்கா இல்லையே, தங்கை. நம் மொழியில் அவளுக்கென்று தனிச் சொல் இருக்கிறது. சிஸ்டர் என்று எழுதியதும் அக்கா, தங்கை எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டேன், பிறகு கமா போட்டு ஒருத்தியை மட்டும் பாயில் விட்டேன்.

இதோடு முடிந்ததா? முன்னுரையையும் அந்தப் பெண் சிவப்புப் பேனாவால் கிழித்துவிட்டாள். மூல ஆசிரியரைப் பற்றி "எ ஷை மேன், ஹிஸ் லெட்டர்ஸ் வேர் லாங்" என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தானே இருக்கிறது? "பெரியம்மா, கூச்ச சுபாவம் உள்ள மனுஷன் கடிதங்களா?" என்று கேட்டாள். அப்போசிட்டிவை வாக்கியத்தின் தலையில் வைத்தால், அடுத்து வரும் பெயர் அந்த ஆளாகவே இருக்க வேண்டுமாம். "எ ஷை மேன், ஹி ரோட் லாங் லெட்டர்ஸ்." அவ்வளவுதான் மாற்றம். இருநூறு பிரதியில் ஒரு பாவப்பட்ட மனிதர் கடிதக் கட்டாக மாறிக் கிடக்கிறார்.

இன்னொரு இடத்தில் திறந்த கமாவை மூடவே இல்லை. பெயரைத் தாண்டியதும் வாக்கியம் அப்படியே ஓடுகிறது. அடைப்புக்குறியைத் திறந்தால் மூடுவாய் அல்லவா, இதுவும் அதே கதைதான் என்று திட்டினாள். ஐந்தாம் அத்தியாயத்தில் அப்போசிட்டிவுக்குள்ளேயே மூன்று சாமான் பட்டியல், எல்லாவற்றுக்கும் நடுவில் கமா. அங்கே வெளிப்பக்கம் நீளக் கோடு போட்டுவிடு, இல்லையென்றால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது என்றாள். போட்டேன். அழகாகத்தான் இருக்கிறது.

கமா போட்டும் தீராத வாக்கியம் ஒன்றைச் சொல்லி அவள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள். "மை மதர், எ டாக்டர், அண்ட் எ டீச்சர் கேம்." எத்தனை பேர் வந்தார்கள்? அம்மாவே டாக்டர் என்றால் இரண்டு பேர். அம்மா வேறு, டாக்டர் வேறு என்றால் மூன்று பேர். கமா இரண்டுக்கும் ஒன்றேபோல் நிற்கிறது. பட்டியலில் அண்டுக்கு முன்னால் கமா போட்டால் குழப்பமே வராது என்று நீ சத்தியம் செய்வாயே, இதற்கு என்ன பதில்? "மை மதர், ஹூ இஸ் எ டாக்டர்" என்று உடைத்து எழுதுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். வீட்டுக்காரர் மாத்திரை போட்டாயா என்று கேட்டார்.

அமெரிக்காவில் 1877இல் ரீட், கெல்லாக் என்று இரண்டு பேர் வாக்கியத்தைக் கோடு போட்டுக் காட்டும் முறையை ஒரு புத்தகத்தில் கொண்டுவந்தார்களே, அதையும் வரைந்து காட்டினாள். பெயரையும் வினையையும் விவரிக்கிற சொற்கள் எல்லாம் கிளை பிரிந்து கோட்டுக்குக் கீழே சரிவாகத் தொங்குகின்றன. அப்போசிட்டிவை மட்டும் கீழே தள்ளவில்லை. அதே கோட்டின் மேல், பெயருக்கு ஒட்டிப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் உட்கார வைக்கிறார்கள். சிஸ்டர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பானு. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சாந்திக்கு விளங்கியதும் அதுதான். அந்தக் கோட்டில் அவளுக்கு இடமில்லை.

முந்தாநாள் நேரிலேயே போனேன். கதவைத் திறந்தாள், பேசவில்லை. நான் ஒரு தாளை நீட்டினேன். அடுத்த அச்சுக்கு மகள் திருத்திக் கொடுத்த வரி. "டு மை சிஸ்டர்ஸ், பானு அண்ட் சாந்தி." சிஸ்டர்ஸ், கமா, இரண்டு பேர். இலக்கணம் சுத்தம். கமா இருப்பதால் இந்த இரண்டு பேர்தான், வேறு யாரும் கிடையாது என்று அர்த்தம் என்று நானே பெருமையாக விளக்கினேன்.

சாந்தி ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்பது நாளில் முதல் தடவையாக, வாயைத் திறந்தாள். "அப்போ வள்ளி?"

வசந்தி, நான் வள்ளியை மறக்கவில்லை. ஆனால் அவளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு என்றுதான் நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிப் புதிதாய்ப் பழகுகிறவர்களிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நீதான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாய். அவள் உன் பின்னலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனதும், நீ அசையாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பேரு ஏன் ரெண்டாவதா இருக்கு?" என்று ஆரம்பித்தாள். சரியாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கமாவை அடித்துவிட்டேன். "டு மை சிஸ்டர்ஸ் பானு அண்ட் சாந்தி." கமா இல்லையென்றால் இன்னும் யாரோ இருக்கிறார்கள், அவர்களில் இந்த இரண்டு பேர் என்று ஆகிறது. மூன்று பெயரையும் போட்டுவிடேன் என்று அக்கா சொன்னாள். முடியவில்லை, கை வரவில்லை. அச்சுக்கூடத்தில் இருப்பவர் பிழை என்று நினைத்துக் கமாவைத் திரும்பப் போட்டுவிடுவாரோ என்பதுதான் இப்போது என் கவலை. அதனால் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறேன்: "இங்கே கமா வேண்டாம். தெரிந்துதான் விட்டிருக்கிறேன்."

திருத்தப் படி திங்கட்கிழமை போகிறது. முன்னுரையை மட்டும் இத்தோடு வைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சிரமம் இல்லையென்றால் ஒருமுறை பார்த்துக் கொடு. இந்தத் தடவை மரியாதை பார்க்காதே.

உன்,
மல்லிகா

பி.கு.: முன்னுரையின் கடைசி வரியில் "அஸ் டூ ஃபிரெண்ட்ஸ், வசந்தி அண்ட் மீ" என்று இருக்கிறது. ஐ இல்லை, மீ தான். அஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மீ என்றுதான் வர வேண்டுமாம், வீயாக இருந்திருந்தால்தான் ஐ. அதைத் திருத்தக் கிளம்பாதே.